யன்னலோரத்துக் கீரை

புத்தளம் மாவட்டத்துக்கு வந்த பின் முப்பத்திரண்டு வருடங்களாக எங்கள் உம்மா ஒரு செடியும் நடவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எருக்கலம்பிட்டியில் எங்கள் வளவில் முருங்கை, கறிவேப்பிலை, மாதுளை எல்லாம் நின்றன. கிணற்றடியில் பொன்னாங்காணி படர்ந்து கிடக்கும். எல்லாம் உம்மாவின் கைராசி. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பிள்ளைகள் எங்களையும் ஒரு துணிப் பொட்டலத்தையும் கொண்டு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினார். அப்போது வெளியேறியவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள்.

முகாமில் கிடுகுக் கொட்டில். பக்கத்துக் கொட்டில்காரர் கூரையில் பசளிக்கொடி ஏற்றிவிட்டார்கள். உம்மாவிடம் ஒரு தண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உம்மா வாங்கிச் சமைத்துவிட்டார். “இன்னும் ரெண்டு மாசத்தில ஊருக்குப் போயிடுவம். இதில என்னத்துக்கு மகள் கொடி வைக்கிறது?” என்றார். அந்த இரண்டு மாதம் இரண்டு வருடமாகி, பத்து வருடமாகியது. நாங்கள் இருந்த காணிக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் பயன்தரும் மரம் எதுவும் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மரம் வைத்தால் காணியில் உரிமை கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். நாங்கள் இங்கேயே தங்கிவிடுவோமோ என்று காணிக்காரரும் பயந்தார், உம்மாவும் பயந்தார்.

2007ஆம் ஆண்டு தொடக்கம் உலக வங்கியின் உதவியுடன் இடம்பெயர்ந்தோருக்கான வீடமைப்புத் திட்டம் புத்தளத்தில் நடைபெற்றது. அப்படித்தான் எங்களுக்கும் கல்வீடு வந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, மூன்று யன்னல். கிடுகுக் கொட்டிலில் யன்னல் என்று ஒன்று இருந்ததில்லை. வீடு குடிபுகுந்த அன்று என் தங்கச்சி யன்னல் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவளுக்கு அப்போது வயது இருபது.

வீடு வந்தும் மண் வரவில்லை. ஆலங்குடாப் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் மணல். ஒரு வாளி நீர் ஊற்றினால் பத்து எண்ணுவதற்குள் காணாமற் போகும். இதே மணலில்தானே ஏக்கர் கணக்கில் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன என்று கேட்பீர்கள். விளைகின்றன. நானும் அந்தத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கியிருக்கிறேன். பம்பு வைத்து நாள் முழுக்க இறைத்து, மூட்டை மூட்டையாகப் பசளை போட்டுத்தான் அங்கே விளைச்சல் எடுக்கிறார்கள். போட்ட பசளையில் பயிர் எடுத்தது போக மிச்சம் மணல் வழியே நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் நிலத்தடி நன்னீர் உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கூட இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். மேலிருந்து பசளை இறங்கும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் பல கிணறுகளில் அதற்கு மேல் இருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். இந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளுக்குத்தான் முதலில் ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. இதைத் தாய்மார் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

நானும் வீட்டுப் பின்புறத்தில் கத்தரியும் வெண்டியும் வைத்துப் பார்த்தேன். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று. எங்கள் ஊரில் சோளகம் என்போம். கடலிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்து இலையில் பூசிவிட்டுப் போகும். மிஞ்சியதை ஆடு முடித்துவிடும். இரண்டு போகத்தோடு கைவிட்டேன்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனால் அதற்குள் தோட்டங்களில் விளைச்சல் குறைந்து, கூலி வேலையும் குறைந்தது. 2022இல் எரிவாயு இல்லை, பால்மா இல்லை, சந்தையில் ஒரு கட்டுக் கீரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிற நிலை. அந்த வருடம் ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு ஏழு நாளும் லீவுதான், மண்தான் இல்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு விவசாயப் போதனாசிரியை வந்தார். மண் இல்லாமலும் கீரை வளர்க்கலாம் என்று ஒரு பக்கற் தூளைக் காட்டினார். அல்பேர்ட் கரைசல் என்று விவசாயக் கடைகளில் விற்கிறார்களே, அது. மலைநாட்டில் பொலித்தீன் கூடாரங்களில் ஹோட்டல்களுக்குச் சலாது வளர்ப்பவர்கள் செய்வதும் இந்த வகை வேலைதான், பெரிய அளவில். கொழும்பில் படிக்கும் என் சகோதரன் மகள் இன்னொரு செய்தி சொன்னாள். 2009ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பிரிட்டா ரைலி என்ற பெண் தன் மாடி வீட்டு யன்னலில் வெறும் தண்ணீர்ப் போத்தல்களை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்றுப் பம்பினால் கரைசலை மேலே ஏற்றிக் கீரை வளர்த்தாராம். பார்த்துப் பலர் செய்தார்களாம். “மாமி, உங்கட ஆலங்குடாவில இல்லாத போத்தலா?” என்றாள். உண்மைதான். கடற்கரை விடுதிகளுக்கு வரும் உல்லாசப் பயணிகள் குடித்துவிட்டுப் போடும் போத்தல்கள் எங்கள் ஒழுங்கை வரைக்கும் உருண்டு வரும்.

உம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “மண்ணில்லாம என்ன வளரும்?” என்றார். செடிக்கு மண் வேண்டியது நிற்பதற்கும், நீரையும் உப்புச் சத்துகளையும் பிடித்து வைப்பதற்கும்தான். அந்தச் சத்துகளை நீரிலேயே கரைத்து, வேருக்குக் காற்றும் இலைக்கு வெளிச்சமும் கொடுத்தால் செடிக்குக் குறை இல்லை. ஜெர்மன் நாட்டு அறிஞர்கள் 1860களிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 1945இல் அமெரிக்க இராணுவம் அத்திலாந்திக் கடலில் அசென்சன் என்ற எரிமலைத் தீவில், பயிர் செய்ய மண்ணே இல்லாத இடத்தில், சிப்பாய்களுக்குத் தக்காளியும் சலாதும் இப்படித்தான் வளர்த்தது.

உம்மாவுக்கு இவ்வளவும் சொல்லிவிட்டு நான் செய்த முதல் வேலை பிழைத்துப் போனது. கிணற்று நீரில் தூளைக் கலந்தேன். தூளும் சற்றுக் கூடிவிட்டது. தும்புத்தூளை மில்லில் இருந்து வாங்கி வந்தபடியே போத்தலில் அடைத்தேன். ஒரு கிழமையில் இலையின் ஓரமெல்லாம் தீய்ந்தது. தும்புத்தூளின் மேலே உப்பு வெள்ளையாகப் பூத்தது. போத்தலுக்குள்ளே பச்சைப் பாசி. போதனாசிரியை பார்த்துவிட்டு, “உங்கட கிணத்து நீரிலேயே பாதி உப்பு இருக்கு, அதுக்கு மேல நீங்க இன்னும் உப்புக் கலந்தா செடி என்ன செய்யும்?” என்றார். வெட்கமாகிவிட்டது. பசளை என்பதும் ஒரு வகை உப்புத்தான் என்பது அன்றுதான் என் தலையில் ஏறியது.

பிறகு செய்த விதத்தை விபரமாக எழுதுகிறேன். செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு உதவும்.

ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அல்லது சோடாப் போத்தல் எடுக்க வேண்டும். தோட்டத்தில் கிருமிநாசினி, களைநாசினி வந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அவை வரம்பெல்லாம் கிடப்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன். போத்தலின் மேற்பகுதியை, தோளில் இருந்து நாலு விரல் கீழே, சுற்றிவர வெட்டுங்கள். மூடியில் ஆணியைச் சூடாக்கித் துளை போட்டு, பழைய பருத்திப் பெனியனில் கிழித்த இரண்டு விரல் அகலத் துணியைத் திரியாகச் செருகுங்கள். பாதித் திரி மேலே, பாதி கீழே. வெட்டிய மேற்பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பகுதிக்குள் இறக்கினால் ஒரு புனல் மாதிரி உட்காரும். புனலுக்குள் தும்புத்தூளும் கருக்கிய உமியும் சரிபாதியாகக் கலந்து நிரப்ப வேண்டும். தும்புத்தூளை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, சாயத்தண்ணீர் நிறம் மாறி வெளிறும் வரை மூன்று நான்கு முறை பிழிந்து கழுவுங்கள். ஏரியில் ஊறிய மட்டையின் தூள் என்றால் அதில் உப்பு இருக்கும்.

கரைசலுக்கு மழைநீர். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையைத் தகரத்தில் இருந்து பீலி வைத்துப் பிடித்து மூடி வைக்கிறேன். மழை இல்லாத காலத்தில் குழாய் நீர் வந்தால் அது. பக்கற்றில் எழுதியிருக்கும் அளவில் நாற்றுக்குப் பாதி, வேர் பிடித்த பின் முழு அளவு. கூடப் போட்டால் கூட வளரும் என்று நினைக்க வேண்டாம். கரைசல் மூடியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும், வேர் மூச்சு விடுவதற்கு. முதல் நாள் மட்டும் மேலால் ஊற்றித் தூளை நன்றாக நனைத்துவிட்டால் பிறகு திரி தானாக உறிஞ்சும். பாசி வராதிருக்க அடிப்பகுதியை வெளிச்சம் படாமல் சுற்றிக் கட்ட வேண்டும். நான் பழைய அபாயாத் துணியைக் கிழித்துக் கட்டினேன். யன்னலில் பத்துப் போத்தல் கறுப்பு உடுத்தி வரிசையாக நிற்பதைப் பார்த்து, “மௌத்து வீட்டுக்குப் போற பொம்புளையள் மாதிரி நிக்குது” என்றார் உம்மா.

நியூயோர்க் பெண் செய்தது போலத் தொங்கவிடுவதையும் செய்தேன். அடி வெட்டிய போத்தல்களைக் கழுத்துக் கீழே இருக்க வலைக்கயிற்றில் ஐந்து ஐந்தாகக் கோர்த்து, பக்கத்தில் உள்ளங்கை அளவு வாசல் வெட்டிச் செடியை வெளியே விட்டேன். பம்பு வைக்கவில்லை. 2022இல் மின்சாரம் எத்தனை மணித்தியாலம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். காலையும் மாலையும் ஒரு கோப்பைக் கரைசலை உச்சிப் போத்தலில் ஊற்றினால் ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசியில் வாளிக்கு வரும். அதையே திரும்ப ஊற்றலாம்.

கிழக்கு யன்னல்தான் நல்லது. மேற்கு யன்னலில் வைத்ததைச் சோளகம் கருக்கியது. எந்தச் செடி என்பதும் முக்கியம். கங்குன் ஒருநாளும் ஏமாற்றாது. சந்தையில் வாங்கிய கட்டில் இலையைச் சமைத்துவிட்டு, இரண்டு கணு உள்ள அடித்தண்டை நீரில் வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் விடும், மூன்று கிழமையில் வெட்டலாம். பொன்னாங்காணியும் புதினாவும் அப்படியே. வல்லாரை மெதுவாக வரும், வந்தால் நிற்கும். சலாது எங்கள் வெக்கையில் கசக்கிறது. தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. வீட்டுக்குள் வரும் வெயில் அதற்குப் போதாது. ஒரு மிளகாய்ச் செடி ஏழு காய் தந்தது. ஏழையும் எண்ணி எண்ணித்தான் சம்பலுக்குப் போட்டோம்.

தூளின் விலை ஏறியபோது மீன் கழுவிய நீரை ஊற்றிப் பார்த்தேன். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அயலில் உள்ள பூனையெல்லாம் யன்னலடியில் வந்து கூடிவிட்டன.

இன்னொரு விடயம் நுளம்பு. 2017ஆம் ஆண்டு நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவாகியது. அதன் பின் நீர் நிற்கும் சிரட்டையைக்கூட விட மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யன்னலைப் பார்த்துத் திகைத்து, ஒவ்வொரு போத்தலாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புனலுக்கும் போத்தலுக்கும் இடையில் உள்ள வெடிப்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். ஒரு புழுவும் இல்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை கரைசலை முழுதாக மாற்றிப் போத்தலைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை அளவு எடுக்கும், அதற்கு முன் கவிழ்த்துவிட வேண்டுமாம். கவிழ்க்கும் கரைசலைக் கிணற்றுப் பக்கம் ஊற்றுவதில்லை. முற்றத்துத் தென்னைக்கு, அதுவும் சுற்றிவரப் பிரித்து ஊற்றுகிறேன். தோட்டக்காரரின் மூட்டைக்கு முன்னால் என்னுடைய ஒரு கரண்டித் தூள் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனாலும் அது என்னுடைய கிணறு.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது என்று கேட்டால், கிழமையில் இரண்டு நாள், சில கிழமை மூன்று நாள், கீரைச் சுண்டலுக்கு இலை. அவ்வளவுதான். யன்னல் தோட்டத்தால் குடும்பத்துக்குச் சோறு போடலாம் என்று எங்காவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். பக்கத்து வீட்டு ராத்தா, யுத்தத்தில் கணவரை இழந்தவர், புதினா மட்டும் இருபது போத்தலில் வைத்து வெள்ளிக்கிழமை காலையில் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கிறார். அன்று பிரியாணி அல்லவா. அவருக்கு அதில் பஸ் காசும் சவர்க்காரக் காசும் வருகிறது. வேறு யாரிடமும் கேட்காத காசு என்று சொல்வார்.

உம்மா இதில் ஒன்றையும் தொடவில்லை. சாப்பிட்டார், குறை சொன்னார், தொடவில்லை.

ஒருநாள் இரவு கரண்ட் இல்லாத நேரம், சகோதரன் மகள் சொன்ன இன்னொரு கதையை உம்மாவுக்குச் சொன்னேன். மேற்கு சஹாரா நாட்டு மக்கள் போர் காரணமாக 1975இல் ஊரை விட்டு ஓடி, அல்ஜீரியாவில் டின்டூப் என்ற இடத்துப் பாலைவனத்தில் முகாமில் இருக்கிறார்கள். அவர்களும் முஸ்லிம்கள். ஆட்டுக்குப் புல் இல்லை, ஆடு கடதாசியும் பொலித்தீனும் தின்னும். அந்த முகாமிலேயே வளர்ந்த தாலிப் பிராஹிம் என்ற விவசாயப் பொறியியலாளர், பார்லியைத் தட்டில் பரப்பி மண்ணே இல்லாமல் ஒரு கிழமையில் பசும்புல்லாக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலக உணவுத் திட்டம் உதவி செய்தது. பெண்கள்தான் கூடுதலாக அந்த வேலையைச் செய்கிறார்கள். ஆட்டுக்குப் பால் ஊறுகிறது.

உம்மா ஆட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். “எத்தன வருஷமா இருக்காங்க அங்க?” என்றார்.

“நாப்பத்தேழு வருஷம் உம்மா.”

ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். அடுத்த நாள் நான் எழும்பி வரும்போது, சுபஹு தொழுதுவிட்டு உம்மா யன்னலடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சந்தையில் வாங்கிய பொன்னாங்காணிக் கட்டு. கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நான் வெறுமையாக வைத்திருந்த மூன்று போத்தலிலும் ஊன்றிக்கொண்டிருந்தார். “நீ தண்டை நேரா வெட்டுறாய், அதான் அழுகுது” என்றார் என்னைப் பாராமலே.

அன்றிலிருந்து யன்னல் உம்மாவுடையது. முழங்கால் நோவினால் குனிய முடியாதவருக்கு, கதிரையில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் செடி இருப்பது வசதி. நான் கரைசல் கலந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். நுனியை எப்போது கிள்ளுவது, எதை வெயிலுக்குத் திருப்புவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எருக்கலம்பிட்டிக் கிணற்றடி பற்றி வாய் திறக்காதிருந்தவர், கிள்ளும்போதே ஒவ்வொன்றாகச் சொல்வார். மாதுளை எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, அதை யார் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்றெல்லாம்.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்த பின் என் சகோதரன் ஊருக்குத் திரும்பி, உடைமரம் மண்டிக் கிடந்த எங்கள் வளவைத் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் போட்டான். உம்மாவின் கிளினிக், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று நாங்கள் பாதிப்பேர் இங்கேயே. எங்களைப் போல் அங்கும் இங்குமாக இருக்கும் குடும்பங்கள் புத்தளத்தில் நிறைய. 2023இல் மழை தொடங்கியதும் ஊருக்குப் போய் வரப் புறப்பட்டோம். உம்மா இரண்டு போத்தலைச் சந்தைப் பையில் வைத்து, அனுராதபுரம், மதவாச்சி என்று பஸ் மாறி மாறிப் போன நேரமெல்லாம் மடியில் இருந்து இறக்கவில்லை. கொண்டக்டர் தம்பி, “என்ன உம்மா, கீரையுமா ரிக்கற் எடுக்குது?” என்று கேட்டான். மன்னாரில் விற்காத கீரையா என்று நானும் கேட்டேன். பதில் இல்லை.

பழைய கிணற்றடியைத் தேடிப் பிடித்து, சகோதரன் மண்ணைக் கொத்திவிட, போத்தலை வெட்டிப் பிரித்து வேர்க்கட்டோடு உம்மாவே நட்டார். குனிய முடியாததால் நிலத்தில் உட்கார்ந்து நட்டார். எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டது.

நாங்கள் ஆலங்குடாவுக்குத் திரும்பி மூன்று கிழமை ஆகியிருக்கும். சகோதரன் போன் எடுத்து, தயங்கித் தயங்கி, பொன்னாங்காணியைக் கழுதை தின்றுவிட்டது என்றான். மன்னார்த் தீவில் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரிவது எல்லோருக்கும் தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் உம்மா போனைப் பறித்துக்கொண்டார்.

“அடியோட இழுத்துதா, மேலால திண்டுதா?”

“மேலால தான் உம்மா.”

“அப்ப தளிர்க்கும். வேலியை அடை.”